வால் வைத்த வினைச்சொற்கள்

ஆங்கிலத்தில் புட் என்றால் வை. அப் என்றால் மேலே. வித் என்றால் கூட. மூன்றையும் சேர்த்துக் கட்டினால் பொறுத்துக்கொள்வது என்று அர்த்தமாம். யார் வைத்தார்கள், எதை மேலே வைத்தார்கள், யார்கூட வைத்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் தங்கை. சொன்ன அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அந்த மூன்று சொல் எங்கேயாவது சேர்ந்து காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தங்கை நர்ஸ். கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் ஆபரேஷன் பிரிவில் இருந்தாள், அங்கே எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். கால் வீங்க நிற்பாள், டாக்டர் கத்துவதைக் கேட்டுக்கொள்வாள், முதலாளி வீட்டு விசேஷத்துக்கு வாசலில் நின்று சந்தனம் நீட்டுவாள். இதுதான் வேலை. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று நம் பக்கத்து நர்ஸுகளை எடுக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. அவள் முதலில் போய் ஊன்றிக்கொள்வது, பிறகு நூல்மில்லில் வேலை பார்க்கும் புருஷனையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்வது என்று திட்டம். படிப்பு, அனுபவம், சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தது. வயது வரம்பு மட்டும் கழுத்தில் நின்றது. அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. வீடியோவில் நடக்கும் நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பேசித் தேறினால் போகலாம். தேறாவிட்டால் அந்த வாசல் அதோடு மூடிவிடும்.

என் தங்கைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நர்ஸிங் முழுக்க ஆங்கிலத்தில் படித்தவள். ஆங்கிலத்தில் பேசுவாள். சின்னச் சின்ன வாக்கியமாக, நேராகப் பேசுவாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் வேலை பார்க்கிற விதத்தை ஒரு தடவை நானே பார்த்திருக்கிறேன். என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வந்த, காட்டு வேலை பார்க்கும் சம்சாரி ஒருவர், அவரையும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தயாராக வைத்திருந்தார்கள். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இது பெரிய தொல்லை. காப்பி சாப்பாட்டில் சேராது. பன்னும் சேராது. இலை போட்டுச் சோறு தின்றால்தான் சாப்பாடு. அதனால் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்வார்கள், அது பொய்யும் இல்லை. என் தங்கை அவரை ஒன்றும் கேட்கவில்லை. கூட நின்ற மருமகளிடம் திரும்பி, "மாமாவுக்குக் காலையில காப்பி நீங்க போட்டுக் கொண்டாந்ததா, கடையில வாங்குனதா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். "கடையிலதாம்மா, நல்லாவே இல்ல. பன்னை முக்கி முக்கித் தின்னாவ" என்றது அந்தப் பிள்ளை. ஸ்ட்ரெச்சர் அப்படியே திரும்பியது. மயக்கம் கொடுத்த பிறகு அந்தப் பன் மேலே ஏறியிருந்தால் மூச்சுக்குழலில் போய் நின்றிருக்கும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. மத்தியானம் என்னிடம், "வா, கேன்டீன்ல தோசை நல்லாருக்கும்" என்றாள்.

இவளைத்தான் அந்த ஆள் திருத்தினான்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் அவன் பயிற்சி மையம். கழுத்தில் டை. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவன், கொஞ்ச காலம் சென்னையில் கால் சென்டரில் இருந்துவிட்டு வந்தவன். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று சுற்றுவட்டாரத்து நர்ஸுப் பிள்ளைகளெல்லாம் அவனிடம் போகும். அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆங்கிலத்தில் வினைச்சொல் தனியாக வந்தால் அது குழந்தைப் பேச்சு. பெரிய மனுஷன் பேச்சில் ஒவ்வொரு வினைக்கும் பின்னால் ஒரு வால் இருக்க வேண்டும். எதிர்பார்க்கிறேன் என்று நேராகச் சொல்லக் கூடாது, லுக்கிங் ஃபார்வர்ட் டு. பழகுகிறேன் என்று சொல்லக் கூடாது, கெட்டிங் அலாங் வித். செய்கிறேன் என்று சொல்லக் கூடாது, கோயிங் த்ரூ வித். அதோடு விடாமல் இன் கனெக்‌ஷன் வித், ஆன் பிஹாஃப் ஆஃப், இன் ஸ்பைட் ஆஃப் என்று வாலுக்கு ஒரு குஞ்சம் வேறு.

இதற்கு அவன் ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தான். மேசை மேல் எவர்சில்வர் தம்ளர், பக்கத்தில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. ஒரு பிள்ளை எழுந்து பேசும். வால் வைத்த வினை ஒன்று வந்தால் தம்ளரில் ஒரு கொட்டை விழும், ணங்கென்று. வெறும் வினை வந்தால் சத்தமே வராது. கடைசியில் யாருக்குக் கொட்டை கம்மியாக விழுந்ததோ அவர்கள் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். வார்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற பிள்ளைகளை இவனும் நிற்க வைத்தான்.

முதல் நாளே நோயாளியிடம் பேச்சை ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருக்கிறான். என் தங்கை ஆரம்பித்தாள். ஹேவ் யூ ஈட்டன்? அடுத்த பிள்ளையும் அதே. அதற்கடுத்ததும் அதே. நாம் வேறு எப்படி ஆரம்பிப்போம்? வழியில் பார்க்கிறவரிடமே சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறோம், கட்டிலில் கிடக்கிறவரிடம் கேட்க மாட்டோமா? அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். "என்ன மேடம், கல்யாண வீடா, பந்தி விசாரிக்கீங்க? வெள்ளைக்காரன் சிரிப்பான்" என்றானாம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகளுக்குச் சாப்ட்டியளா கோஷ்டி என்று பெயர். அந்தக் கோஷ்டிக்குத் தம்ளரிலிருந்து ஒரு கொட்டையைத் திரும்ப எடுத்துவிடுவான்.

நான் ஒரு கடலைமிட்டாய் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்து பார்க்கிறவள். எனக்கும் இந்த வால்களோடு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர் எங்களுக்கு எழுதுவார், பெட்டி எப்போது வரும், ஈரமில்லாமல் அனுப்புங்கள் என்று. அவ்வளவுதான், ஒன்றரை வரி. எங்கள் முதலாளி உடனே என்னைக் கூப்பிட்டு, வித் ரெஃபரன்ஸ் டு என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதச் சொல்வார். அவர்களுக்கு அது தாய்மொழி, வேண்டிய இடத்தில் வால் தானாக முளைக்கும், வேண்டாத இடத்தில் இருக்காது. நாம் தமிழில் பார்த்துக்கிடு, வந்துட்டுப் போ, விட்டுத்தொலை என்று சொல்லவில்லையா, யாராவது உட்கார்ந்து எண்ணிக்கொண்டா சொல்கிறோம்? இதை என் தங்கையிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "சும்மா இரு அக்கா, சார் எத்தன பேர அனுப்பிருக்காவ தெரியுமா" என்பாள். சாயந்தரம் காய் நறுக்கும்போதும் வால் போட்டுப் போட்டுச் சொல்லிப் பார்ப்பாள். கடைசி மாதம் பகல் முழுக்க வகுப்பு என்று அவன் சொல்லிவிட்டான். மருத்துவமனையில் விடுப்புத் தரவில்லை. வேலையை விட்டுவிட்டாள்.

நேர்முகம் என் வீட்டில் நடந்தது. அலுவலக மடிக்கணினியை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். மத்தியான நேரம். அவள் வெள்ளை யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டி போட்டு உடுத்தி, பின்னால் சன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கேமராவில் படாமல் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன்.

திரையில் நரைத்த முடியோடு ஒரு அம்மா வந்தார். நல்ல முகம், குறை சொல்ல முடியாது. படிப்பைப் பற்றிக் கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார். என் தங்கை லுக்கிங் ஃபார்வர்ட் டு என்றாள், இன் அக்கார்டன்ஸ் வித் என்றாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு அந்த அம்மா சொன்னார், இப்போது நான் உன் நோயாளி, இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு வயிற்றில் ஆபரேஷன், என்னோடு பேசு என்று.

என் தங்கை பேசினாள். நீங்கள் இந்த அறுவைச் சிகிச்சையைத் துணிந்து செய்துகொள்வதில் மகிழ்ச்சி என்றாள், கோயிங் த்ரூ வித் போட்டு. பயத்தையும் மீறி என்றாள், இன் ஸ்பைட் ஆஃப் போட்டு. பெயர் சரிபார்த்தாள், ஒவ்வாமை கேட்டாள், பல் செட்டு உண்டா என்றுகூடக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, காலையில் என் மகள் வந்திருந்தாள், தங்கமான பிள்ளை, வெறுங்கையோடு வரவே மாட்டாள் என்றார்.

என் தங்கை வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும் அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று. கை முன்னால் வந்துவிட்டது, வார்டில் கட்டில் சட்டத்தைப் பிடிக்க நீட்டுவாளே, அதே கை. உதடு அசைந்தது. பிறகு நின்றது. பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நீங்கள் மகளோடு இவ்வளவு நன்றாக ஒத்துப்போவதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது என்று. கெட்டிங் அலாங் வித்.

அந்த அம்மா தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, நோயாளி வேஷத்தைக் கலைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். என் மகள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள், நீ என்னை அப்படியே ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பாய். உன் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது, என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

அவள் மடிக்கணினியை மூடினாள். நான் கிட்டப் போனேன்.

"ஏட்டி, உனக்குத் தெரியாதா இது? ஏன்டி கேக்கல?"

"வாயில வந்துட்டுக்கா" என்றாள். "கேக்கத்தான் போனேன். ஈட்டுக்கு வால் என்னன்னு தேடுனேன். ஒண்ணும் கிடைக்கல. வாலில்லாம கேட்டா சாப்ட்டியளா கோஷ்டின்னு நினைச்சிருவாவளோன்னு இருந்துச்சு. அதுக்குள்ள வேற வந்துட்டு வாயில."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும். தேறவில்லை என்று அந்த வாரமே மின்னஞ்சல் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், நேராக, இரண்டு வரியில்.

மின்னஞ்சல் வந்த மறுநாள் வேலை முடிந்ததும் நான் நேரே அந்த மாடிக்கு ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன், "வாங்க மேடம், உங்க சிஸ்டர் விஷயம் கேள்விப்பட்டேன், வெரி சாரி" என்றான். நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான், "அவங்க ஃப்ளூயன்சி டாப் மேடம், அந்தம்மாவே சொல்லிட்டாங்க. மெடிக்கல் நாலேஜ்ல விட்டிருக்காங்க. அதுக்கு நான் பொறுப்பில்ல."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். கண்ணைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, நீச்சல் தெரியவில்லை என்கிறான்.

"அண்ணாச்சி" என்றேன். சார் என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்புவான், அதனாலேயே அண்ணாச்சி என்றேன். "அவளுக்கு நாலேஜ் இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிரும். பன்னு தின்ன வயித்தைப் பாத்த உடனே கண்டுபிடிக்கவ அவ. நீங்க கேக்காதன்னு சொன்னிய. அவ கேக்கல."

"நான் சொன்னது சும்மா குசலத்துக்குக் கேக்கறத மேடம். இது டூட்டி. இது வேற, அது வேற."

"அவளுக்கு வேற இல்ல. குசலம் கேக்க மாதிரி கேட்டுத்தான் அவ டூட்டி பாத்தா. நீங்க அந்த வாயைத்தான் தச்சு விட்டிருக்கிய."

"என்ன பேச்சு பேசுதீங்க, வகுப்பு நடக்க இடத்துல" என்றான். கோபம் வந்ததும் டையைத் தாண்டி ஊர்ப்பேச்சு வந்துவிட்டது அவனுக்கு. உடனே சுதாரித்துக்கொண்டு குரலை இறக்கினான். "ஒண்ணு செய்வோம் மேடம். உங்க சிஸ்டர் இவ்வளவு நல்லா பேசுறாங்க. இங்கயே டிரெயினரா வரச் சொல்லுங்க. எனக்கும் ஆள் வேணும்."

என் கை மேசையில் விழுந்தது. அடிக்க வேண்டும் என்று அடிக்கவில்லை, அடிக்கக் கூடாது என்றும் நினைக்கவில்லை. தம்ளர் உருண்டது. புளியங்கொட்டை அறை முழுக்கச் சிதறி ஓடியது. "என் தங்கச்சி உம்ம மாடிப்படிய மிதிக்க மாட்டா" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், அந்தப் பிள்ளைகள் அத்தனையும் பெஞ்சை விட்டு இறங்கி, குனிந்து, கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் பொறுக்கச் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்த பிள்ளையும் பொறுக்கியது. ஒன்றாவது நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் குனிந்த முதுகுகளைப் பார்த்து வந்த கோபம் பெரிது.

தங்கை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குக் கூப்ட்டாவளா?" என்று கேட்டாள்.

"கூப்ட்டான். மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எனக்கு வந்த வேலைய நீ எதுக்குக்கா வேண்டாம்னு சொன்ன?"

அவள் அன்று பகலில் பழைய மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். இடம் நிரம்பிவிட்டது என்றார்களாம். வேண்டுமானால் புதிதாகச் சேருகிற மாதிரி சேரலாம், இவளே பழக்கிவிட்ட பிள்ளைக்குக் கீழே. வேறு இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறாள். வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டவள் நிலைக்க மாட்டாள் என்று கையை விரித்திருக்கிறார்கள். வயது வரம்பு அங்கே ஒரு பக்கம் என்றால் இங்கே வேறு மாதிரி. "மக ஸ்கூலுக்குப் போவுது. நான் வீட்டுல உக்காந்து உன் கூடச் சேந்து கோவப்பட்டுட்டு இருக்க முடியுமா?" என்றாள். நான் அவனிடம் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் அந்த மாடிப்படி ஏறினாள்.

நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தம்ளரில் அவளும்தான் கொட்டை போட்டாள், அது அங்கே வேலை. ஆனால் வகுப்பு விட்டுக் கீழே இறங்கும்போது, செல்போன் கடை வாசலில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகச் சொல்லுவாளாம். "உங்க வார்டுல கேக்க மாதிரியே கேளு. வால் வந்தா வரட்டும், வரலன்னா போவட்டும். ஆளைப் பாரு, வாயைப் பாக்காத." இதை எனக்குச் சொன்னது எட்டயபுரத்துப் பிள்ளை ஒருத்தி. அவளுக்கு அதே மருத்துவமனையில், அதே நரைமுடி அம்மாவிடம் நேர்முகம். தேறிவிட்டாள்.

அவன் அந்தப் பிள்ளை படத்தைப் பெரிதாக அச்சடித்து மாடி முகப்பில் கட்டினான். நான் பேருந்து நிலையத்துக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

அந்தப் பிள்ளை கிளம்புகிற அன்று சாயந்தரம் என் தங்கை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அவளைத் தனியாக விட மனமில்லை. பிளாட்பாரத்தில் அந்தப் பிள்ளையின் சர்ச்சிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. சுற்றி நின்று ஜெபித்தார்கள். அம்மாக்காரி முறுக்கு டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை எங்களிடம் வந்து என் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதது. நல்ல பிள்ளை, அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சந்தோஷமும் வரவில்லை. ஏற வேண்டியவள் என் பக்கத்தில், டீச்சர் மாதிரி பருத்திச் சேலையில் பின் குத்திக்கொண்டு, கையாட்டிக்கொண்டு நின்றாள். வண்டியைப் பிடித்து நிறுத்தி உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

திரும்ப நடந்து வரும்போது அவள் பாலத்துப் பக்கம் வந்ததும் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை போகும்போது என்ன சொல்லுச்சு, கேட்டியா?"

"தேங்க் யூ மேம்னுச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இனிமே யாரும் என்னைய சிஸ்டர்னு கூப்பிட மாட்டாவ, இல்லக்கா" என்றாள்.